டிரில் டீச்சரின் வலது கால் பங்கு பிரிக்கப்பட்ட விவரம்

டிரில் டீச்சரின் வலது கால் வலியை அவருடைய வீட்டார் ஐந்து பேர் பங்கு போட்டு எடுத்துக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. டீச்சர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் தெருவில் யாரும் அவரை வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. பள்ளி மைதானத்தில் ஆயுள் முழுக்க கேன்வாஸ் ஷூவோடு நின்ற கால் அது. பெருவிரல் சாய்ந்து பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அடியில் நசுங்கிய இரண்டாவது விரலில் புண் வந்து, சர்க்கரை காரணமாக ஆறாமல் கறுக்கத் தொடங்கியிருந்தது. எலும்பை வெட்டி நிமிர்த்தித் திருகாணி போட வேண்டும், தள்ளிப்போட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். “ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் வரிசையா நிக்க வச்சேன். என் கால்ல இருக்கிற அஞ்சு பேரு பேச்சைக் கேக்க மாட்டேங்கிறாங்க” என்றார் டீச்சர்.

பங்கு பிரித்தது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், “எனக்குக் கொஞ்சம் குடேம்மா” என்றாள். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் சொன்னவுடன் சுண்டுவிரலின் வலி அவள் காலுக்கு மாறிவிட்டது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதன்பின் மற்றவர்களும் கேட்டார்கள். மகன் கேட்டபோது மட்டும் ஒன்றும் நகரவில்லை. “மனசாரக் கேளுங்க. கல்யாண வீட்டுல சாப்பிடச் சொல்ற மாதிரி கேட்டா எப்படி வரும்?” என்றாள் மருமகள். இரண்டாம் முறை நடுவிரல் அவனுக்கு வந்தது. நான்காவதை அவள் எடுத்துக்கொண்டாள். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்த டீச்சரின் கணவர் பெருவிரலைக் கேட்டு வாங்கினார். புண் இருந்த இரண்டாவது விரல்தான் தகராறானது. டீச்சரின் தம்பிக்குப் போன வருடம்தான் நெஞ்சைத் திறந்து அறுவை செய்திருந்தார்கள். அவருக்கு எதுவும் வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். “கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன். நேத்து வந்த மாமாவுக்குப் பெருவிரல், எனக்கு ஒண்ணுமில்லையா?” என்று கத்தி அவர் அதை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஐந்து பேர் நொண்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து டீச்சர் மட்டும் நிமிர்ந்த நடையோடு காய் வாங்கப் போய் வந்தார். வீட்டில் எல்லோருக்கும் என்ன என்று காய்க்காரர் விசாரித்தபோது, “என் காலைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறாங்க” என்றார். புண் மட்டும் யாருக்கும் பங்கு போகவில்லை. அது டீச்சரின் விரலிலேயே இருந்து நாளுக்கு நாள் கறுத்தது.

குறித்த நாளில் முதுகில் ஊசி போட்டு, மரத்துவிட்டதா என்று பார்க்க மயக்க மருந்து டாக்டர் இரண்டாவது விரலை ஊசியால் குத்தினார். “ஒண்ணும் தெரியல, ஆரம்பிங்க” என்றார் டீச்சர். வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி அலறிக்கொண்டு தரையில் சரிந்தார். பெருவிரலைக் குத்தியபோது கணவர் கையிலிருந்த செய்தித்தாள் இரண்டாகக் கிழிந்தது. அறுவை மருத்துவர் வெளியே வந்து முகமூடியை இறக்கி, வாசலை மறித்து யார் வண்டியை நிறுத்தியது என்று விசாரிப்பதுபோல, “இவங்க வலி யார் யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார். ஐந்து கைகள் உயர்ந்தன. ஊசி மரக்கச் செய்வது டீச்சரின் உடம்பை மட்டும்தான்; உள்ளே எலும்பை அறுத்தால் வலி இங்கே தாழ்வாரத்தில் இறங்கும். தம்பியின் சட்டைத் திறப்பில் தெரிந்த நெஞ்சுத் தழும்பை மருத்துவர் பார்த்தார். “மத்தவங்க பரவாயில்ல, கத்துவீங்க. இவர் இதயம் தாங்காது. ஊசி வேகம் குறையறதுக்குள்ள எல்லாரும் திருப்பிக் குடுங்க. இல்லைன்னா நான் கத்தியைத் தொடமாட்டேன்.”

நான்கு பேர் கொடுத்துவிட்டார்கள். கணவருக்குச் சற்று நேரம் பிடித்தது. தம்பி, “இந்தாக்கா, எடுத்துக்கோ” என்றார். நர்ஸ் உள்ளே ஓடி விரலில் குத்திப் பார்த்தாள். வெளியே அவர் துள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் சொன்னார், மறுபடியும் துள்ளினார். உதடு வெளுத்து, சட்டை நனைந்துவிட்டது. “குடுக்கத்தான் பாக்குறேன். போகமாட்டேங்குதே” என்று அழுதார். அம்மா இல்லாத வீட்டில் அக்காவின் இடுப்பில் வளர்ந்தவர். இதுவரை அக்காவுக்காக அவர் சுமந்தது இந்த ஒரு விரலைத்தான். விட மனம் வரவில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு நாள் பார்க்கலாமா என்று மகள் கேட்டதற்கு, “அந்தப் புண்ணுக்கு இன்னொரு நாள் இல்லம்மா” என்றார். டீச்சர் தன்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே தலையை மட்டும் திருப்பினார்.

“டேய், என் விரலைக் குடுறா.”

“குடுக்குறேன்க்கா. வரல.”

“எப்படி வரும்? உன் கைக்குப் போன எது திரும்பி வந்திருக்கு? என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கடா?”

தம்பி அழுகையை நிறுத்தினார். “இப்ப எதுக்கு அது?”

“எட்டாங்கிளாஸ் பரீட்சைக்கு முந்தின நாள் எடுத்தியே. அப்பா வாங்கிக் குடுத்தது.”

“நான் எடுக்கல! நீதான் குழாயடியில வச்சுட்டு வந்த. செய்யாத தப்புக்கு அன்னிக்கு நான் அடி வாங்கினேன்!”

“திருடுனா அடி விழத்தான் செய்யும்.”

“யாரு திருடன்?” தம்பி எழுந்து நின்றுவிட்டார். கணவர் அவர் தோளைப் பிடித்தார், அவர் உதறினார். “அறுபது வருஷமா மனசுல இதை வச்சிருந்தியா? ஒரு தகர டப்பாவுக்கு! உன் சாமான் எதுவும் எனக்கு வேண்டாம். விரலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எடுத்துக்கிட்டுப் போ!”

நர்ஸ் குத்தினாள். தம்பிக்குத் தெரியவில்லை, இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். அவள் ஆழமாக இன்னொரு முறை குத்தியபோதும் திட்டிக்கொண்டே இருந்தார். மருத்துவர் கையை அசைத்தார், ஸ்ட்ரெச்சர் திரும்பியது. “அந்தக் காம்பஸையாவது குடுத்திருக்கலாம்” என்று டீச்சர் சொன்னது கதவு மூடுவதற்குள் கேட்டது. தம்பி மூடிய கதவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பதில் சொல்லிவிட்டு, பிறகு உட்கார்ந்து, எல்லோரையும்போல முழங்காலைக் கட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைப் பார்த்தார். அது அணையும்வரை யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பாதம் பிழைத்தது. விரல்கள் வரிசைக்கு வந்தன. அக்காவும் தம்பியும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசத் தொடங்கியபோது ஜாமெட்ரி பாக்ஸைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசவில்லை. திருகாணி இருந்த பெருவிரல் மட்டும் குளிர்ந்த காலைகளில் வலித்தது. கணவர் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்; இந்த முறை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. டீச்சர் அந்தக் காலோடு இன்னும் ஏழு வருடம் நடந்தார். எட்டாம் வருடம் நெஞ்சுச் சளியில் படுத்து, ஒரு வியாழக்கிழமை விடிவதற்குள் போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்போது அறுவைக்கு அழைத்துப் போகுமுன் கண்ணாடி, பல்செட், மோதிரம் எல்லாம் கழற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள். கண்புரைக்காகப் போன கணவரிடமும் கேட்டார்கள்.

“உங்க வலி வெளியில யார்கிட்டயாவது இருக்குங்களா ஐயா?”

“இல்லம்மா. இன்னொருத்தரோடது என்கிட்ட இருக்கு.”

“அவங்களை வந்து வாங்கிக்கச் சொல்றீங்களா?”

“வரமுடியாதும்மா.”

நர்ஸ் சற்று யோசித்தாள். கண்ணுக்குத்தானே அறுவை என்று சொல்லிக்கொண்டு, அவர் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டாள். “அப்ப இருக்கட்டும்” என்றாள். சக்கரநாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.