உத்திரத்தில் ஒரு பேர்

எங்கள் அந்தோணியார் கோயிலில் டியூப் லைட்டுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் உபயதாரர் பேர் பெரிதாக எழுதியிருக்கும். ஃபேனுக்கும் பெஞ்சுக்கும் ஆள் உண்டு. ஒழுகுகிற கூரைக்கு மட்டும் கிடையாது.

வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புத் தளம், தேக்கு உத்திரங்கள். ஆவடி ஸ்டேஷன் பக்கம் புதுக் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. "மழைக்கு முன்னால கூரையைச் சரி பண்ணலேன்னா இதை இடிச்சிடுவாங்க, செபாஸ்டியன்" என்றார் பால்ராஜ் சாமியார்.

என் மனைவி சகாயம்மாள் போன பிறகு, மண்ணூர்பேட்டையில் ஷிப்ட் முடிந்தால் நேரே கோயில்தான். பெண்கள் பக்கத்தில், தூணோரம் அவள் உட்காரும் இடம். அவள் இருந்தவரை நான் அங்கே உட்கார்ந்ததில்லை. இப்போது யாரும் இல்லாத சாயங்காலங்களில் உட்காருவேன். வேறு எங்கேயும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

லாரி வைத்திருக்கும் ஜேம்ஸிடம் உதவி கேட்டேன்.

"கூரைக்குக் குட்தா எம் பேர எங்க எய்துவே நைனா? மேல எய்தினா காக்காதான் படிச்சிகினு போவும்."

கோபம் வந்தது. ஆனால் வழியும் கிடைத்தது. உத்திரத்தில் எழுதலாமே. ஓர் உத்திரம், ஒரு குடும்பம். பூசை முடிந்ததும் அறிவித்தேன், அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பீடத்துக்கு மேலே இருந்ததற்குச் சண்டையே நடந்தது. தூணோரத்து உத்திரத்துக்கு என் சீட்டுப் பணத்தைக் கொடுத்து, 'சகாயம்மாள்' என்று சாக்பீஸால் நானே எழுதி வைத்தேன்.

பாதி வேலையில் பணம் தீர்ந்தது. கொத்தனார் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஜேம்ஸ் வந்தார்.

"உத்திரம் எல்லாம் பூட்ச்சாமே. அந்த ஓரத்துது யார்து?"

"என் சம்சாரத்துது."

"பாக்கி வேலைக்கு இன்னா ஆவுதோ நான் குட்த்துர்றேன் அண்ணாத்தே. எங்கப்பா பேரு போட்ணும்."

ஏணி போட்டு ஏறி, அவள் பேரை நானே துடைத்தேன்.

மழைக்கு முன்பே வேலை முடிந்து கூரை நின்றது. அடுத்த ஞாயிறு எல்லாரும் வந்து, அண்ணாந்து அவரவர் பேரைப் பார்த்து, பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். புதுக் கோயில் திறந்ததும் பூசையும் அங்கே போயிற்று, ஜனமும் போயிற்று. இங்கே நான் மட்டும்தான் வருகிறேன். தலைக்கு மேலே, நான் பார்த்தேயிராத ஜேம்ஸின் அப்பா.

ஒருநாள் தாங்க முடியாமல், "சகாயம்" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். பழுது பார்த்த கூரை அல்லவா, குரல் கணீரென்று கேட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.