எழ முடியாத கூட்டம்

எலெக்ட்ரீஷியனின் மனைவி பேசி முடித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த ஒருவராலும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. ஆண்டுக்கு ஆண்டு தசைகளைத் தளர்த்திக்கொண்டே போகும் கணவரின் நோயைப் பற்றி நாலு பேருக்குத் தெரியட்டும், ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் நன்கொடையும் சேரட்டும் என்றுதான் அவள் அந்தக் கூட்டத்தைக் கூட்டியிருந்தாள். தலைமை தாங்க வந்த வங்கி மேலாளர் மேசையைப் பிடித்து எம்பிப் பார்த்தார்; கால்கள் யாருடையவோ போலக் கிடந்தன. அந்த நேரத்தில், சக்கர நாற்காலியில் இருந்த எலெக்ட்ரீஷியன் எழுந்தார். எழுந்ததோடு விடாமல் மூலையில் கிடந்த ஏணியைச் சாய்த்து ஏறி, வந்ததிலிருந்து விட்டுவிட்டு எரிந்து கண்ணை உறுத்திக்கொண்டிருந்த ட்யூப்லைட்டைச் சரிசெய்தார்.

"ஏங்க, இறங்குங்க! விழுந்துடப் போறீங்க" என்றாள் மனைவி. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் கால் திரும்பியது. அவர் பழையபடி உட்கார்ந்துவிட்டார். நரம்பு மருத்துவர் இரு தரப்பையும் சோதித்துவிட்டு, தனக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்று கையை விரித்தார். அவள் பேசும்போதே பாதியில் எழுந்து போனவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்தவர் காலில் நின்றது திருட்டா, அவர்களாகக் கொடுத்ததா என்று எலெக்ட்ரீஷியன் குழம்பிக் கிடந்தார். இனிக் கூட்டமே வேண்டாம் என்றாள் மனைவி. ஆனால் வங்கி மேலாளர் வீடு தேடி வந்தார்.

"எனக்குக் கோபம்தான் வரணும். ஏன் வரலைன்னே புரியலம்மா. அடுத்த கூட்டம் எப்போ?"

அதன்பிறகு மாதந்தோறும் கூட்டம் நடந்தது. ஜனங்கள் கழிப்பறைக்குப் போய்விட்டு, ஃப்ளாஸ்க்கும் தலையணையுமாக வந்து உட்கார்ந்தார்கள். நன்கொடையும் சேர்ந்தது. நோய் மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. இரண்டாம் ஆண்டு அவரால் ஏணி ஏற முடியவில்லை, வெறுமனே நின்றார். பிறகு நிற்கவும் முடியாமல் கையை மட்டும் தூக்கினார். கூட்டமோ பெருகி, வாசல்வரை நாற்காலி போட வேண்டியிருந்தது. இத்தனை கால்களின் பலமும் எங்கேதான் போகிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. மருந்து வருமா என்று கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றது ஆராய்ச்சிக்கூடம்.

போன மாதக் கூட்டத்தில் அவர் தன் சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்தார். விரல் இரண்டு முறை வழுக்கியது.

"நான் போட்டு விடட்டுமா?" என்றாள் மனைவி.

"வேணாம், இரு."

அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. பொத்தான் துளைக்குள் போனது. கால் திரும்பும்வரை எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.