இல்லையா என்று கேட்டால்

“டோன்ட் யூ லைக் மில்க்?” என்று கேட்டாள் ஆசிரியை. முதல் பெஞ்சுச் சிறுமி எழுந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, “யெஸ் மிஸ்” என்றாள்.

“பிடிக்குமா, பிடிக்காதா?”

“சுத்தமா பிடிக்காது மிஸ்.”

“அப்ப நோன்னு சொல்லணும்.”

“பிடிக்காதான்னுதானே கேட்டீங்க? சரியாத்தானே கேட்டீங்க? அப்ப ஆமான்னுதானே சொல்லணும்? எதுக்கு மிஸ் இல்லைன்னு சொல்றது?”

இரண்டாம் வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்தது. அந்தச் சிறுமிக்கு வக்கீலம்மா என்று பட்டப்பெயர் வைத்தவளே ஆசிரியைதான், நன்றாக அனுபவிக்கட்டும். வீட்டில் யாரும் இங்கிலீஷ் பேசாத பிள்ளைகள். பால், பழம், பூனை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம். பிறந்ததிலிருந்து ஒரு பக்கமாகத் தலையாட்டிப் பழகியதை எப்படி மாற்றுவது? “இங்கிலீஷ்ல அப்படித்தான்டி. உனக்குப் பிடிக்கலைன்னா, யாரு எப்படிக் கேட்டாலும் நோதான்” என்றாள்.

ஆசிரியையைக் கவிழ்த்ததும் இந்த நோதானே. போன மாதம் படிக்கட்டில் எதிரே வந்த தாளாளர் அம்மா, “யூ ஆர் நாட் கன்டினியூயிங் நெக்ஸ்ட் இயர்?” என்று கேட்டார். இலக்கணம் பிசகாமல் “நோ மேடம்” என்றாள். தொடரவில்லை என்று அர்த்தம். பெரிய மலையைப் புரட்டிவிட்ட மாதிரி அன்றைக்குப் போனில் கணவனிடம் ஒரே பீற்றல். அவன் வேலை மாற்றலாகி மகளோடு வேறு ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு பள்ளியில் அவளுக்கும் வேலை கிடைத்துவிட்டது. இங்கே இந்த வாரத்தோடு வருஷப் படிப்பு முடிகிறது; திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களோடு அங்கே போய்ச் சேர வேண்டும். அவையோ அவள் இங்கே சேர்ந்த நாளிலிருந்து தாளாளர் அறையிலுள்ள பீரோவுக்குள் இருக்கின்றன. நேற்றுகூட மகள், “இந்தத் தடவையும் வரமாட்டியாம்மா?” என்று கேட்டாள். வந்துடுவேன் கண்ணு என்று சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்குக் காலையில்தான் ஆயாம்மா வந்து, “அடுத்த வருஷமும் ரெண்டாங்கிளாஸ் உங்களுக்குத்தானாமே மிஸ்! ஸ்வீட் எங்க?” என்று கேட்டாள். அவளுக்குத் தலை சுற்றியது. தொடரவில்லையா என்று கேட்டதற்கு இல்லை என்றாளாம்; அப்படியென்றால் தொடர்கிறாளாம்! பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் பேசு, இங்கிலீஷ் பேசு என்று கழுத்தை அறுக்கிற அம்மாளுக்குக் காது மட்டும் தமிழாகவே இருந்து தொலைத்திருக்கிறது. இல்லை, தெரிந்தேதான் அப்படிக் கேட்டுக்கொண்டாரோ, யார் கண்டது.

மத்தியானம் தாளாளர் அறைக்குப் போனாள். அங்கே இங்கிலீஷைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. இங்கிலீஷ் வராத அப்பா அம்மாக்கள்கூட வாசலில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். சான்றிதழ் வேண்டும் என்றதும் தாளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பட் யூ ஒன்லி செட் நோ!” என்றவர், குரலில் தேனைத் தடவிக்கொண்டு, “யூ வில் நாட் லீவ் அஸ், மிஸ்?” என்றார்.

நோ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சட்டென்று விழுங்கினாள். நோ என்றால் இங்கிலீஷ் கணக்கில் போகமாட்டேன். யெஸ் என்றால் இந்தக் காதுக்கு, ஆமாம், போகமாட்டேன். அடிப்பாவி, எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்துகிறாளே! யெஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

“ஐ ஆம் கோயிங், மேடம்.”

வக்கீலம்மாவுக்குக்கூடப் புரிகிற இங்கிலீஷ். தாளாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த பீரோ சாவிக்கொத்தை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். அந்த அறையில் அவர் தமிழ் பேசி அவள் கேட்டதே இல்லை.

“எங்கம்மா போவ?” என்றார், பெற்ற தாயைப் போல. “சர்ட்டிபிகேட் எல்லாம் என்கிட்டல்ல இருக்கு?”

அடுத்த பீரியட் மணி அடித்தது. இரண்டாம் வகுப்பின் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. நேராக பீரோவுக்கு முன்னால் போய், அதன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.