பைபர் படகின் இடது பக்கம்

வேலாயுதத்துக்கு எதன் மேலும் சந்தேகம் வரும். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்கினால் கட்டைப் பிரித்து நடுவில் அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார். "கடல் தண்ணி உப்பான்னுகூட நாக்குல வெச்சுப் பாத்துட்டுத்தான் உங்க அப்பா நம்புவாரு" என்று அவர் மனைவி பாக்கியலட்சுமி பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. நம்பிக் கெட்டவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

தஞ்சோங் ரூவில் சீன முதலாளி லிம் தவுக்கேயின் படகுப் பட்டறையில் பதினான்கு வருஷமாக அவருக்கு வேலை. படகுகளின் அடிவயிற்றில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். வருஷம் ஒரு முறை கரையேற்றி, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது பூச வேண்டும். சுரண்டுகிற எட்டுப் பேருக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி, வேலாயுதம். அந்த மண்டோர் பதவியை யாரோ பறிக்கப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தர சந்தேகம். யார் என்பதுதான் மாறிக்கொண்டே இருக்கும்.

1967ஆம் வருஷம் அந்தச் சந்தேகத்துக்குச் சேக் தாவூது வந்து வாய்த்தார். நாகூர்க்காரர், முப்பத்திரண்டு வயது, பக்கத்துப் பட்டறை மூடியதால் இங்கே வந்தவர். வேலை வேகம், பேச்சு குறைவு. இது போதாதா? பேசாதவன் மனசில் என்ன இருக்கும் என்று வேலாயுதம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார். போதாக்குறைக்குத் தவுக்கே ஒரு நாள் தாவூதின் தோளைத் தட்டி, "பாகுஸ்" என்று மலாயில் பாராட்டிவிட்டார். பதினான்கு வருஷத்தில் வேலாயுதத்தின் தோளை அவர் தட்டியதில்லை.

அந்த நேரத்தில்தான் பட்டறைக்கு முதல் பைபர்கிளாஸ் படகு வந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து பல் டாக்டர் ஒருவர் வாங்கியது. முன்னவர் பழைய பெயிண்டைச் சுரண்டாமலே வருஷா வருஷம் மேலே மேலே பூசியிருக்கிறார். அடை கனத்துக்கு ஏறிக் கிடந்தது. மரப் படகென்றால் கவலையில்லை. மண்ணெண்ணெயில் எரியும் ஊதுவிளக்கின் நெருப்பைக் காட்டினால் பெயிண்ட் கொப்பளித்து எழும், இரும்புச் சுரண்டியால் வழித்துப் போட்டுவிடலாம். இந்தப் படகில் நெருப்பு ஆகாது, இரும்பும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மரச் சுரண்டியும் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளும் மட்டும்தான். தவுக்கே அதை மலாயில் இரண்டு முறை சொல்லிவிட்டு, "இது நல்லா வந்தா டாக்டரோட படகுக் கிளப்புல உள்ள எல்லா பைபர் படகும் நம்மகிட்டதான்" என்றார்.

வலது பக்கத்தை வேலாயுதம் முன் முனையிலிருந்து தொடங்கினார். இடது பக்கத்தைத் தாவூது பின் முனையிலிருந்து தொடங்கினார். உப்புத்தாளைத் தேய்த்துத் தேய்த்து முழங்கை விட்டுப்போனது. சிவப்புத் தண்ணீர் கைவழியே அக்குள் வரை ஒழுகியது. மூன்றாம் நாள் பார்த்தால், வேலாயுதம் ஒரு பாய் அகலம் முடித்திருந்தார், தாவூது இரண்டு பாய் முடித்திருந்தார். எப்படி முடியும்? வேலாயுதம் தாவூதைக் கவனிக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது தாவூது படகுக்கடியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஏன்? அவர் கையில் மண்ணெண்ணெய் நாறுகிறது. ஏன்? பெயிண்ட்காரர்கள் எல்லோரும் மண்ணெண்ணெய் போட்டுத்தான் கை கழுவுவார்கள், வேலாயுதத்தின் கையும் அப்படித்தான் நாறும். ஆனால் சந்தேகப்படுகிறவனுக்குத் தன் கை நாற்றம் எங்கே தெரியும்?

வியாழக்கிழமை காலையில் வேலாயுதம் சும்மா போகிறவர் போல இடது பக்கம் போய்ப் பார்த்தார். சுரண்டி முடித்த வெள்ளைப் பரப்பில் பட்டாணி பட்டாணியாகக் கொப்புளங்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, முழங்கை நீளத்துக்கு. அவர் அறிந்த உலகத்தில் படகுப் பரப்பு கொப்பளிக்க ஒரே காரணம்தான் உண்டு, அது நெருப்பு. நெருப்பு பட்டால் கரி எங்கே என்று ஒரு கணம் தோன்றியது. துடைத்திருப்பான் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தவுக்கேயைக் கூட்டிவந்து, எட்டுப் பேர் முன்னால் நிறுத்திக் கேட்டார்.

"தாவூது பாய், இதுக்கு நெருப்பு காட்டுனீங்களா இல்லையா?"

"இல்லண்ணே. சுரண்டும்போதே இப்படித்தான் இருந்துச்சு. உங்ககிட்ட கேக்கணும்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

தாவூது அவர் முகத்தைப் பார்த்தார். "உங்ககிட்ட எப்படிண்ணே கேக்குறது? நான் வாயத் தொறந்தாலே ஒரு மாதிரி பாக்குறீங்க."

"கதை நல்லாருக்கு லா! பெயிண்ட் தானா கொப்பளிக்குமா? பதினாலு வருஷமா நான் என்ன மாடு மேய்ச்சனா?"

"அல்லா மேல ஆணையா நான் விளக்கத் தொடல" என்றார் தாவூது. குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தையும் வேலாயுதம் சாட்சியாக எடுத்துக்கொண்டார். மண்டோர் சொல்லுக்கு மேல் தவுக்கே எதையும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே தாவூதை வெளியே அனுப்பினார்.

வேலை மட்டும் போயிருந்தால் வேறு கதை. தாவூது சிங்கப்பூர்க் குடிமகன் அல்ல. பெர்மிட்டில் வேலை செய்கிறவர், பெர்மிட்டோ பட்டறையின் பெயரில் இருந்தது. அது ரத்தானால் ஊரைவிட்டே போக வேண்டியதுதான். அடுத்த சனிக்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். ஊரில் அவருக்குக் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருப்பதும் அப்போதுதான் வேலாயுதத்தின் காதில் விழுந்தது. தப்புப் பண்ணினவன் அனுபவிக்கத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டு உப்புத்தாளை நனைத்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் வலது பக்கத்தின் பின் முனையை எட்டினார். மரச் சுரண்டி மெத்தென்ற ஏதோ ஒன்றின் மேல் ஏறி இறங்கியது. பெயிண்டை வழித்துப் பார்த்தார். கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று. நகத்தால் கிள்ளினார், உள்ளேயிருந்து பிசுபிசுவென்று தண்ணீர் பீய்ச்சியது. காடி வாடை அடித்தது. அன்றைக்குத் தாவூதின் பக்கத்தில் ஒருவரும் கிள்ளிப் பார்க்கவில்லை.

இந்தப் பக்கம் அவரைத் தவிர யாரும் கை வைத்ததில்லை. பழைய பெயிண்டுக்கு அடியிலேயே இது எத்தனையோ காலமாக இருந்திருக்கிறது. பைபருக்குள் தண்ணீர் இறங்கி உள்ளேயிருந்து ஊதியிருக்கிறது. நெருப்பாவது, மண்ணாவது!

முதலில் அவருக்கு வந்தது பயம்தான், தன்னைப் பற்றிய பயம். கொப்புளத்துக்குக் காரணம் நெருப்பு என்று ஊர் கூட்டிச் சொன்னவர் சுரண்டிய பக்கத்தில் இப்போது கொப்புளம். சட்டென்று போய்ப் பட்டி பிசைந்து எடுத்துவந்தார். நாலு இடத்தில் அடைத்து, மேலே பெயிண்டை இழுத்துவிட்டால் கதை முடிந்தது, யாருக்கும் தெரியாது. பட்டி கையில் காயத் தொடங்கியது. ஒருவன் இன்னும் நாலு நாளில் கப்பலேறப் போகிறான், அவனை ஏற்றிவிடுவது நான் என்று நினைத்தார். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர், என்னை ஏன் இத்தனை நாள் விட்டுவைத்தேன் என்று கேட்டுக்கொண்டார். பட்டியை மண்ணில் எறிந்தார்.

பின் முனையில் இன்னும் இரண்டு கை அகலம் சுரண்டாமல் இருந்தது. அதைத் தொடாமல் விட்டுவிட்டுத் தவுக்கேயை அழைத்து வந்தார்.

தவுக்கே வலது பக்கத்தைப் பார்த்தார், வேலாயுதத்தைப் பார்த்தார். "நீயும் நெருப்பா?"

"இல்ல தவுக்கே. நான் சொன்னா நம்பாதீங்க. பெயிண்ட் அப்படியே இருக்கு பாருங்க, நீங்களே சுரண்டுங்க."

தவுக்கே சட்டைக் கையை மடக்கிக்கொண்டு சுரண்டினார். அவர் கையாலேயே ஒரு கொப்புளம் வெளியே வந்து உடைந்தது. சட்டையில் தெறித்ததை மோந்து பார்த்தார்.

"அப்ப அந்த ஆள்?"

"அவர் ஒண்ணும் செய்யல. நான்தான் தப்பாச் சொன்னேன்."

தவுக்கே போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "இனிமே உன் பேச்சக் கேட்டு ஒருத்தனையும் நான் அனுப்பமாட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூட வேலாயுதம் தாங்கியிருப்பார்.

ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் தாவூது பெயருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார் தவுக்கே. நாளைக் காலை ஏழு மணிக்குத் தாவூது பட்டறைக்கு வந்தால் கிராணி கூடவே பெர்மிட் ஆபீசுக்குப் போவார், ரத்தை நிறுத்திவிடலாம். ஒரு நாள் தள்ளினாலும் முடியாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேலாயுதம் டன்லப் ஸ்திரீட்டில் தாவூது தங்கியிருந்த மாடிக்கு ஏறினார். தாவூது தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை.

"பாய், என் பக்கமும் கொப்புளம் இருக்கு. உங்க மேல தப்பு இல்ல."

தாவூது கயிற்றை இறுக்கினார். "உங்க பக்கமும் கெட்டுப்போச்சா? அதையும் என் தலையில கட்டத்தான் வந்திருக்கீங்க. நான் வந்து நின்னா, ரெண்டு பக்கமும் இவன்தான்னு சொல்லுவீங்க."

"இல்ல பாய். தவுக்கேகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். லெட்டர் கொடுத்திருக்காரு. நாளைக்கு நீங்க வந்தா பெர்மிட் ரத்தாகாது."

"லெட்டர்ல என்ன எழுதியிருக்கோ? நான்தான் கெடுத்தேன்னு ஒத்துக்கிட்டு வரச் சொல்லியிருந்தா?"

வேலாயுதம் கடிதத்தை நீட்டினார். அவருக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்போம் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தாவூது கடிதத்தை வாங்கிக்கொண்டு, கீழ் வீட்டுக்காரர் மகள் ஜைனப்பைக் கூப்பிட்டார். அவள் ராபின்சன் ரோட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வேலாயுதத்துக்குக் கேட்காத தூரத்தில் அவளை நிறுத்திப் படிக்கச் சொன்னார். முடிந்ததும், "இன்னொரு தடவ படிம்மா" என்றார்.

வேலாயுதம் படியருகே நின்றார். உட்கார யாரும் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. "நான் செஞ்சது பாவம் பாய்" என்று அங்கிருந்தே சொன்னார்.

"காலையில எத்தன மணிக்கு?" என்று தாவூது ஜைனப்பிடம் கேட்டார்.

"ஏழு மணிக்கு" என்றார் வேலாயுதம்.

தாவூது அவரைப் பார்க்கவே இல்லை. ஜைனப்பின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடிதத்தில் விரல் வைத்துப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் பெட்டியின் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தார்.