விசாரிக்க ஒரு நம்பர்

என் நாத்தனார் வேலைவாய்ப்பு ஆலோசகர். வேலை தேடுகிறவர்களை எதிரில் உட்கார வைத்து, எப்படித் தேட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்கு அவளுக்குச் சம்பளம். சட்டை கம்பெனியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு எனக்கு அதை இலவசமாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தெம்பு இல்லை.

"அண்ணி, பயோடேட்டா ஒரே பக்கம்தான். 'தையல் தெரியும்'னு எழுதாதீங்க. தையல் யாருக்குத்தான் தெரியாது? 'சட்டைக்குக் காலர் ஏத்துவேன்'னு எழுதுங்க. கடைசியில ஏதாவது கேக்கணுமான்னு கேப்பாங்க, மாடு மாதிரி தலையாட்டிட்டு வந்துடாதீங்க. என்ன துணி அதிகமா வரும்னாவது கேளுங்க. அப்புறம் கீழ ஒரு நம்பர் வேணும், உங்களைப் பத்தி விசாரிக்க."

நம்பருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் லைன் அக்கா இருந்தார். வெட்டிய துணி ஒரு முனையில் வந்து மறுமுனையில் சட்டையாகப் போகும் வரை வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருப்போமே, அதுதான் லைன். அதைக் கட்டி மேய்த்தவர் அவர். மேனேஜர் எந்த நாட்டுக்கோ போய்விட்டார், அவருடைய நம்பரில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். ஆகவே என்னைப் பற்றிச் சொல்ல இந்த உலகத்தில் இருந்தது அக்கா ஒருவர்தான்.

மாதக் கடைசிக்குள் வேலை கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு மாமியார் வீட்டு மாடி அறைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. அந்த அறையில் பழைய கட்டில், உடைந்த மின்விசிறி, கொழுந்தனின் உடற்பயிற்சிச் சாமான் எல்லாம் கிடக்கும். நாங்கள் இருவரும் குழந்தையும் அவற்றுக்கு நடுவில் கிடக்க வேண்டும். கணவர் என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னபோது, "சரி" என்றேன். அந்த நாட்களில் எதற்கும் அதுதான் என் பதில். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு முழுக்க மரத்துக் கிடந்தது.

முதல் நேர்காணலுக்குப் போனேன். காலர் ஏற்றிக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். பார்த்தவர் அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். "நாளைக்கே போன் பண்றோம்" என்றார். போன் வரவில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற இடத்திலும் அதே கதை. கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு சத்தமும் இல்லை.

"நீங்க சிரிச்சிருக்க மாட்டீங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

"தையல் மெஷினைப் பாத்து எதுக்குடி சிரிக்கணும்?"

மூன்றாவது, ஆஸ்பத்திரியின் தையல் அறை. டாக்டர் கோட்டு, நர்ஸ் சட்டை, திரைச்சீலை எல்லாம் அங்கேயே தைப்பார்கள். பொறுப்பாளர் அம்மாள் என் காலரை விரலால் தடவிப் பார்த்தார். "எனக்குப் பிடிச்சிருக்கு. நாளைக்குக் காலைல நீங்க குடுத்த நம்பருக்குப் பேசிட்டுச் சொல்றேன்," என்றார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் எங்கள் சமையலறை மேசையில் தன் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள். "வேலை செஞ்சு காட்டின பிறகும் கூப்பிடலன்னா இந்த நம்பர்லதான் கோளாறு. நீங்க மூச்சு விடாதீங்க." ஏதோ ஒரு கம்பெனிப் பெயரைச் சொல்லி, லைன் அக்காவிடம் என்னைப் பற்றி விசாரித்தாள்.

"அவளா?" என்றது அக்காவின் குரல். "நல்லா விசாரிச்சீங்க போங்க! கை வேகமே கிடையாது. மாசத்துல பாதி நாள் லீவு. வாய் வேற, காது குடுத்துக் கேக்க முடியாது. வேற ஆளைப் பாருங்க."

போனை வைத்ததும் நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பகை அண்ணி இந்தப் பொம்பளைக்கு உங்க மேல?"

"பகை இல்ல. பாராட்டுறாங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். எங்கள் தொழில் அவளுக்கு எப்படித் தெரியும்? காலர் ஏற்றுகிற ஆள் சுலபத்தில் கிடைக்க மாட்டாள். நல்ல கை எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து மற்ற கம்பெனிக்காரர்கள் போன் போடுவார்கள். இருக்கிறாள் என்று சொன்னால் மறுநாள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் வெளியாள் விசாரித்தால் நல்ல ஆளைத்தான் கழுவிக் கழுவி ஊற்ற வேண்டும். சுமாரான ஆளை வேண்டுமானால் புகழலாம், போனால் போகட்டும் என்று. "இன்னைக்கு உன்னைக் கிழிச்சுத் தொங்க விட்டேன்டி" என்று அக்கா சொன்ன நாளில் நாங்கள் எல்லாம் கைதட்டியிருக்கிறோம். என்னைத்தான் அவர் அதிகமாகத் திட்டியிருக்கிறார்.

மறுநாள் ஆஸ்பத்திரித் தையல் அறை திறப்பதற்கு முன்பே அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா குளித்து, தலை வாரி, வேலைக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். போவதற்கு இடம்தான் இல்லை.

"வாடி! உன்னை இதோட மூணு பேர் கேட்டுட்டாங்க. ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்கலையே!" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

"எதுக்குக்கா?"

"எதுக்கா? திறந்த மறுநாளே லைன் ஓட வேணாமா? நீ இல்லாம காலருக்கு நான் எங்க போவேன்?"

மெஷின்களை லாரியில் ஏற்றியதை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அந்தக் கட்டடத்தில் இப்போது யாரோ டைல்ஸ் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது அக்காவும் பார்த்திருப்பார். ஆனாலும் நான் அதைச் சொல்லவில்லை. மாடி அறையைப் பற்றிச் சொன்னேன். மாதக் கடைசி என்று சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து இப்போது போன் வரும் என்றும் சொன்னேன். மளிகைச் சாமான் ஒப்பிக்கிற மாதிரிதான் என் வாயிலிருந்து வந்தது.

அக்கா எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்காவுக்குக் காது சரியில்லை, மெஷின் சத்தத்தில் பாதி போய்விட்டது. அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

பொறுப்பாளர் அம்மாள் என்னைப் பற்றிக் கேட்டார். அக்கா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பழகின வாய் லேசில் திரும்புமா?

"நல்லா தைப்பாங்க," என்றார். பிறகு, "அவ மாதிரி காலர் ஏத்துறவளை நான் பாத்ததில்லீங்க. சொல்லாம ஒரு நாள் லீவு போட மாட்டா. கூட்டிக்குங்க."

"இவ்வளவு நல்ல ஆளை ஏங்க விட்டீங்க?"

"நான் விடலீங்க." அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கம்பெனிய மூடிட்டாங்க. இனிமே திறக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. பட்டன் வைக்கிறவள் எவ்வளவு கெட்டி, சட்டைக்குக் கை ஏற்றுகிற அண்ணன் எவ்வளவு நிதானம், செக்கிங்கில் இருந்த சின்னவளின் கண்ணுக்கு ஒரு நூல் தப்பாது என்று எங்கள் லைனை முனையிலிருந்து முனை வரை எடுத்துக் கொடுத்தார். இடம் இருந்தால் கூப்பிடுங்கள் என்றார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தனை பேரை வச்சு வேலை வாங்கியிருக்கீங்க. இங்க மேற்பார்வைக்கும் ஒரு இடம் காலியா இருக்கு. நீங்க வரலாமே? உங்களைப் பத்தி யார்கிட்ட விசாரிக்கணும்?" என்றார்.

அக்கா யோசித்தார். "எங்க மேனேஜர் இருந்தார். இப்ப எங்க இருக்கார்னு தெரியல. என்னைப் பத்திச் சொல்ல வேற ஆள் இல்லீங்க," என்றார்.

நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கப் போனேன். அக்கா வேகமாகக் கையை உயர்த்தி, பேசாதே என்று தலையசைத்தார். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் அவர் சொன்னதெல்லாம் சொல்லிக்கொடுத்துச் சொன்னதாகிவிடும், எனக்கு வந்த வேலையும் போய்விடும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்தது.

"சரிம்மா, பாப்போம்," என்றது போன்.

இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சத்தம் வராமல் இருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.