மோரிங்கனில் பிறந்தவள்

880 ஃப்ரீவேயில் ஏறியதிலிருந்து சாந்தி ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். "கண்ணு, ஆபீசர் பொறந்த ஊரு கேட்டா ஸ்டுட்கார்ட்னு மட்டும் சொல்லு. எக்ஸ்ட்ரா ஒண்ணும் எக்ஸ்பிளெய்ன் பண்ணாத." பின்சீட்டில் பதினைந்து வயது வெண்பா மூன்றாவது முறையாக "ஓகேம்மா" என்றாள். "ஏனுங்க, நீங்க வாயே தொறக்காதீங்க. எழுதுனது போதும்." கார் ஓட்டிய வெள்ளியங்கிரி தலையை மட்டும் ஆட்டினான். பதினோரு வருடம் காத்திருந்து வந்த கிரீன் கார்டு இன்டர்வியூ. மகளின் பிறப்புச் சான்றிதழில் ஸ்டுட்கார்ட், பாஸ்போர்ட்டில் மோரிங்கன். வக்கீலே உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

எல்லாம் அவன் கைவேலைதான். ஜெர்மனியில் வேலை பார்த்தபோது மோரிங்கனில்தான் வீடு. ஒரு காலத்தில் தனிக் கிராமம். எண்பது வருடத்துக்கு முன்பே ஸ்டுட்கார்ட் நகரம் அதை விழுங்கிவிட்டது. அந்தச் சேதி ஊர்க்காரர்களுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. ட்ராமில் கொஞ்ச தூரம் போவதையே 'ஸ்டுட்கார்ட் போய்வருகிறேன்' என்பார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் வெண்பா அவசரப்பட்டுவிட, கீழ்வீட்டு ஜெர்மன்காரம்மா ஹில்டகார்ட்தான் குழந்தையைக் கையில் வாங்கினார். அடுத்த மாதம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அவன் ஸ்டுட்கார்ட் என்று எழுதுவதை எட்டிப் பார்த்தவரின் முகம் வாடிவிட்டது. "இவ எங்க ஊர்ப் பொண்ணாச்சே" என்றார். எந்த ஊர் என்று கேட்டால் கோயமுத்தூர் என்று சொல்லி நிறுத்தாமல், நெகமம் வரை இழுத்துக்கொண்டு போகிறவனுக்கு அது தைக்காமல் இருக்குமா? வேறு படிவம் எடுத்து மோரிங்கன் என்றே எழுதிவிட்டான்.

ஆபீசர் நரைத்த தாடிக்காரர். சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெற்றோரை விட்டுவிட்டு நேராக வெண்பாவிடம், எங்கே பிறந்தாய் என்று கேட்டார். சாந்தி மேசைக்கடியில் கணவனின் மணிக்கட்டைப் பற்றினாள்.

"மோரிங்கன்," என்றாள் வெண்பா.

சாந்தியின் நகம் பதிந்தது. மகள் ஆங்கிலத்தில் தொடர்ந்தாள். அது ஸ்டுட்கார்ட்டின் ஒரு பகுதிதான், ஆனால் அங்கே போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள். தன்னைப் பிறந்ததும் தூக்கியவர் இன்றும் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை அனுப்புகிறார், அதில் ஊர்ச் செய்தி எல்லாம் இருக்கும், பேக்கரியை மூடியதுகூடத் தனக்குத் தெரியும் என்றாள். அந்த அட்டைகளை அவள் உட்கார்ந்து படிக்கிறாள் என்பதே வெள்ளியங்கிரிக்கு அப்போதுதான் தெரிந்தது. கிரீன் கார்டு போனாலும் போகட்டும் என்று ஒரு நொடி அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆபீசர் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தார். விண்ணப்பத்தில் ஸ்டுட்கார்ட் என்றிருந்த கட்டத்தின் ஓரத்தில், வெண்பா ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, மோரிங்கனையும் எழுதிச் சேர்த்தார். முடிவு தபாலில் வரும் என்றார். சாந்தியின் பிடி தளர்ந்தது. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.