ஆறு படங்களுக்குப் பின்னால்

தேவாலயத் தேர்ப்பவனி முடிந்து கூட்டம் கலைந்தபோது மிரண்டாவின் அப்பா எட்மண்டைக் காணவில்லை. இரண்டு வருடமாக அவருக்கு மறதி நோய். வீடு செங்காங்கில் என்பது நினைவிருக்காது. சாலையை அக்கம்பக்கம் பார்க்காமல் கடப்பார். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் வேறு.

போலீசுக்குச் சொல்லியாயிற்று. அவள் கணவன் மேக்ஸ்வெல் தெருத்தெருவாகத் தேடிவிட்டுப் பங்கு மண்டபத்துக்குத் திரும்பியிருந்தான். பவனியைப் படம் எடுத்தவன் அவன்தான். எல்லாவற்றையும் பங்கின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, கையோடு கேமரா கார்டையும் அழித்து வைத்திருந்தான். அவ்வளவு பொறுப்பு.

"கடைசிப் படங்கள்ல மாமா இருந்தா எந்தப் பக்கம் போனாருன்னு தெரியும்ல," என்றான்.

மிரண்டா பக்கத்தைத் திறந்தாள். முதலில் பங்குத்தந்தை திரையில் மெதுவாக இறங்கினார், நெற்றியிலிருந்து கழுத்துவரை. அடுத்து செயற்குழு. அதற்கும் அடுத்து தேருக்குப் பூ கொடுத்தவர்கள். சாதாரண சனங்கள் கடைசியில்தான் வருவார்கள்; அங்கே வெறும் வெள்ளைக் கட்டங்கள். மரியாதை குறையக்கூடாது என்று அப்படி அடுக்கியவள், பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அவளேதான்.

"ஏன் இவ்ளோ ஸ்லோ? லைன் நல்லாத்தானே இருக்கு."

"லைன் இல்ல மேக்ஸ். நம்ம சர்வர் பழசு. பிரௌசர் அதுகிட்ட ஒரே நேரத்துல ஆறு படம்தான் கேட்கும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. எல்லாமே ஒரிஜினல் சைஸ் வேற."

"சின்னதாக்கிடு லா."

"சின்னதாக்கினா தூரத்துல நிக்கிறவங்க முகம் தெரியாது."

இருந்த ஆறு வழியையும் பெரிய மனிதர்கள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. அது அப்பாவுக்காக இருக்குமோ? இறங்கிக்கொண்டிருந்த படங்களை நிறுத்தினாள். பக்கத்தின் உள்ளே போய்ப் பங்குத்தந்தையை நீக்கினாள். செயற்குழுவையும் பூ கொடுத்தவர்களையும் ஒட்டுமொத்தமாக நீக்கினாள். கூட்டம் கலைந்த நேரத்துப் படங்களை மட்டும் விட்டுவைத்தாள்.

உடனே போன் அடித்தது. பங்குச் செயலாளர் மதலேனா.

"மிரண்டா, பேஜ்ல பாதர் படத்தையே காணோமேம்மா."

"எங்கப்பாவையே காணோம் ஆன்ட்டி," என்று வைத்துவிட்டாள்.

படங்கள் இப்போது மளமளவென்று வந்தன. ஒன்றில் மெழுகுவர்த்தி பிடித்த பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால், தூரத்தில், பேருந்துப் படியில் ஒரு காலை வைத்தபடி அப்பா. பெரிதாக்கியதும் பேருந்து எண் தெளிவாகத் தெரிந்தது. பூன் லே போகும் வண்டி. ஓய்வுபெறும்வரை அவர் வேலை பார்த்த பட்டறை அங்கேதான் இருக்கிறது. கனரக லாரிகள் ஓயாமல் ஓடும் சாலை அது.

மேக்ஸ்வெல் டாக்ஸி பிடித்து ஓடினான். அவள் போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீண்டும் போன் அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"மாமா இருக்காரு லா. பட்டறை கேட்டுக்கு முன்னாடி. லேட்டா வந்ததால உள்ளே விடமாட்டேங்கறாங்கன்னு அழறாரு."

"அவர்கிட்ட குடு."

அப்பாவின் மூச்சு இரைத்தது. "சூப்பர்வைசர் கோவமா இருக்காராம்மா?"

"இல்லப்பா," என்றாள் மிரண்டா. "இன்னிக்கு உங்களுக்கு லீவு குடுத்துட்டாரு. வீட்டுக்கு வாங்க."